அவர் பெயரில் கழுவிய கோப்பைகள்

பென்சன் கந்தோரில் இருந்து கடிதம் வந்தபோது நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அறுபத்தாறு வயது முடிந்துவிட்டது. பென்சனும் தொடங்கிவிட்டது. ஆனாலும் சனியும் ஞாயிறும் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கோப்பை கழுவினேன். பென்சன் வாடகைக்குப் போய்விடும். சாப்பாட்டுக்கு மனைவியின் சம்பளம். அவள் விடிய ஐந்து மணிக்கு ஒரு டொக்டரின் கந்தோரைத் துடைக்கிறாள். மத்தியானம் ஒரு பள்ளிக்கூடம். அவளுக்கு ஒரு முழங்கால் ஏற்கனவே வெட்டித் தைத்தது. மற்றது வெட்ட இருக்கிறது.

கடிதத்தை மகள்தான் வாசித்தாள். அவள் ஒரு மருத்துவக் காப்புறுதிக் கந்தோரில் வேலை. இந்தக் கடிதங்கள் அவளுக்கு விளங்கும். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“அப்பா, உங்களுக்கு அந்த மேலதிகக் காசு இல்லையாம்.”

“ஏனாம்?”

“முப்பத்து மூண்டு வருசம் வேணும். உங்களுக்கு முப்பத்தொண்டும் ரெண்டு மாதமும்தான் காட்டுது.”

நான் சப்பாத்தைப் போட்டேன். மனைவி குசினியில் இருந்து கேட்டாள்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லையாம்” என்றேன்.

பேணி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவள் எடுக்கவில்லை. 

அந்தக் காசு வந்தால் அவள் விடிய ஐந்து மணி வேலையை விடுவது என்று நாங்கள் முடிவுசெய்து வைத்திருந்தோம். விடுகிற கடிதத்தைக்கூட மகளைக்கொண்டு எழுதி வைத்திருந்தாள். திகதி மட்டும் போடவில்லை.

அது என்ன காசு என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் இங்கே ஜெர்மனியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறைந்த சம்பளத்தில் நீண்ட காலம் வேலை செய்து பென்சன் காப்புறுதி கட்டினவர்களுக்கு, பென்சனோடு கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிற சட்டம். முப்பத்து மூன்று வருடமாவது கட்டியிருக்க வேண்டும். விண்ணப்பம் போடத் தேவையில்லை. அவர்களே கம்பியூட்டரில் பார்த்துத் தருவார்கள். எசனில் எங்கள் சங்க மண்டபத்துக்கு நகரசபையில் இருந்து ஒரு பெண் வந்து இதைப் படம் போட்டு விளக்கினாள். வறுமையைக் குறைக்கிற சட்டம் என்றாள். வெளிநாட்டில் இருந்து வந்து பாரமான வேலை செய்தவர்களுக்குத்தான் இதில் கூட நன்மை என்றாள். உங்களைப் போன்றவர்களுடைய வாழ்நாள் உழைப்புக்கு நாடு காட்டுகிற மரியாதை என்றும் சொன்னாள். நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன். அவள் நல்ல பிள்ளை. இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு, செய்முறையும் எழுதிக்கொண்டு போனாள்.

அன்று வேலையால் வந்தபோது மகள் மேசையில் என் காப்புறுதிப் பத்திரத்தை விரித்து வைத்திருந்தாள். எந்த வருடம் எங்கே வேலை, எந்த மாதம் வேலையில்லை, எல்லாம் வரிசையாக இருந்தது. மேலே மட்டும் வெறுமை.

“இதில ஒண்டுமில்லை, அப்பா. வந்த நாளில இருந்து கிட்டத்தட்ட அஞ்சு வருசம். என்ன செய்தனீங்கள்?”

“சும்மா இருந்தனான்.”

“அப்ப கையில இருக்கிற சூட்டுத் தழும்பு? குசினியில எண்ணெய் கொட்டினது, நான் பிறக்க முன்னம் எண்டு சொன்னனீங்கள்.”

நான் சட்டைக் கையை இழுத்துவிட்டேன். மனைவிக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். “சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தெரிஞ்சால் என்ன?” என்றாள்.

சொன்னேன்.

எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அங்கிருந்து மேற்கே வந்து, எசனுக்கு வெளியே ஒரு அகதி முகாமில் போட்டார்கள். ஒரு அறைக்கு நான்கு பேர். கையில் ஒரு தாள் தந்தார்கள். படம் ஒட்டி, அதற்குக் கீழே முத்திரை அடித்திருந்தது. வேலை செய்யத் தடை. ஐந்து வருடத்துக்கு. இந்த மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகவும் தடை. வேலை செய்தால் குற்றம். செய்யாமல் பஸ் தரிப்பில் நின்றால், போகிற வருகிற கிழவர்கள் வேலைக்குப் போங்களடா என்று கத்துவார்கள். அந்த வசனம்தான் நான் இங்கே முதல் முதல் விளங்கிக்கொண்ட ஜெர்மன் வசனம்.

எங்கள் பக்கத்து ஊர் அண்ணை ஒருவர் எனக்கு முன்பே வந்தவர். என்னிலும் ஐந்து வயது மூப்பு. அவருடைய வழக்கை ஏற்று வேலை அனுமதியும் கொடுத்திருந்தார்கள். ஒரு பெரிய ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பழைய வான் ஒன்று வாங்கினார். டுசல்டோர்ஃப் பக்கம் போய் முருங்கைக்காய், கத்தரிக்காய், மீன் எடுத்து வந்து தமிழ் வீடுகளுக்கு விற்கத் தொடங்கினார். பதிவு ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் நின்ற மனைவியையும் பிள்ளையையும் இங்கே எடுக்க வேண்டும். அதற்கு மாதாமாதம் சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். வேலையை விட ஏலாது.

ஒருநாள் முகாமுக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

“தம்பி, என்ரை இடத்துக்கு நிக்கிறியே?”

“எவ்வளவு நாளைக்கு?”

“வான் ஓடுமட்டும்.”

ஆளுக்கு ஆள் இடத்துக்கு நிற்பது அந்த நாளில் எங்களுக்குள் வழக்கம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் போவார். ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால் தங்கச்சிக்காரி போய்த் துடைப்பாள். பேப்பர் போடுகிற வேலை, துப்புரவு வேலை, எல்லாவற்றிலும் அப்படித்தான். ஊரில் ஒருவருடைய வயலுக்கு மற்றவர் தண்ணீர் மாறிவிடுவது மாதிரி நினைத்தோம். பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்கள் ஒரு நாள், ஒரு கிழமை நின்றார்கள். நான் நின்றது இரண்டு வருடமும் எட்டு மாதமும்.

முதல் நாள் பயந்துகொண்டு போனேன். அண்ணை என்னிலும் அரை அடி உயரம். தடித்த மீசை. எனக்கு மீசை இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணையின் பெயரைச் சொன்னார். மூக்குக்குக் கீழே விரலால் இழுத்துக் காட்டி, “எடுத்துவிட்டாயா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சட்டிகளைக் காட்டினார். கழுவத் தொடங்கினேன்.

நாங்கள் சிரித்தோம். அண்ணை வானில் மரக்கறி வாங்க வருகிற சனத்துக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாம் ஒரே அச்சில வார்த்த ஆக்கள்” என்பார். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் வைத்து இரண்டே முக்கால் வருடம் வேலை வாங்கிய மனிதன், ஒருநாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எண்ணெய் கொட்டியதும் அங்கேதான். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை. அண்ணையின் பெயரில் டொக்டரிடம் போகலாம் என்று அவரே சொன்னார். கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது என்று நான் போகவில்லை. பற்பசை பூசினேன். அடுத்த நாள் மற்றக் கையால் கழுவினேன்.

சம்பளம் அண்ணையின் கணக்குக்குத்தான் வரும். முதலாம் திகதி வந்து முழுவதையும் என் கையில் வைப்பார். அவர் ஒரு மார்க் கூட எடுத்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிறகு, ஐந்து வருடம் முடியக் கொஞ்சம் முன்னம், சட்டம் மாறியது. எனக்கும் வேலை அனுமதி கிடைத்தது. என் சொந்தப் பெயரில் இன்னொரு குசினிக்குப் போனேன். அண்ணையின் மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். அவர் வானை விற்றுவிட்டு இரும்பு உருக்குகிற ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். ரெஸ்டோரண்ட் முதலாளி அவருக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்திருந்தார். நேர்மையானவர், நேரம் தவறாதவர், கடுமையான உழைப்பாளி என்று எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் பட்டறையில் எடுத்தார்கள். உழைத்தவன் நான். நேர்மையும் நான்தான், திருட்டுப் பெயரில்.

அந்தப் புதுச் சட்டம் வந்த காலத்தில் அண்ணைக்கு மேலதிகக் காசு கிடைத்தது. ஒரு பெட்டி இறைச்சி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பத்து மூன்று வருடமும் ஐந்து மாதமும் என்று கடிதத்தைக் காட்டினார். “கடைசியில எங்களையும் மனிசராய் மதிச்சிட்டாங்கள், தம்பி. உனக்கும் வரும்” என்றார். நானும் சந்தோசப்பட்டேன். இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். அவருடைய முப்பத்து மூன்றுக்குள் என்னுடைய இரண்டே முக்கால் இருக்கிறது என்று அன்று எனக்கு மூளையில் ஓடவில்லை. அவருக்கும் ஓடவில்லை.

இதையெல்லாம் கேட்டு முடித்ததும் மகள் ஒரு துண்டில் கூட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் சிவந்தது.

“அதைச் சேர்த்தால் உங்களுக்கு முப்பத்து மூண்டும் எட்டு... இல்லை, பத்து மாதம். அது உங்கடை உழைப்பு, அப்பா.”

“விடு.”

அவள் விடவில்லை. என்னைக் கேட்காமல் பென்சன் கந்தோரில் போய்ச் சந்திக்க ஒரு டெர்மின் எடுத்துவிட்டாள்.

போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் ஆள். மரியாதையான ஆள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னான். கம்பியூட்டரைப் பார்த்தான்.

“இந்த ஐந்து வருடமும் என்ன செய்தீர்கள்?”

“வேலை செய்ய விடவில்லை.”

“யார் விடவில்லை?”

“நீங்கள்தான்.”

அவன் சிரித்தான். “நான் அப்போது பிறக்கவேயில்லை” என்றான். பிறகு திரையில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டான். படித்தீர்களா? நீண்ட காலம் நோயாக இருந்தீர்களா? பிள்ளை வளர்த்தீர்களா? யாரையாவது பராமரித்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அந்தத் திரையில் தடை என்று ஒரு பெட்டி இல்லை. அவன் இரண்டு முறை மேலும் கீழும் தேடிப் பார்த்தான். உண்மையாகவே தேடினான்.

“அப்படியென்றால் அது வெற்றிடம்தான். மன்னிக்க வேண்டும். இந்தச் சட்டம் நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்கு.”

மகளால் பொறுக்க முடியவில்லை. “அவர் வேலை செய்தவர்” என்று தொடங்கினாள். மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன்.

“சான்று ஏதும் இருக்கிறதா? சாட்சி?” என்று அவன் கேட்டான்.

“ஒன்றும் இல்லை” என்றேன்.

ட்ராமில் வரும்போது மகள் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. முன்னால் போய் இருந்தாள். இறங்கியதும் என்னிடம் திரும்பினாள்.

“ஏன் பொய் சொன்னனீங்கள்? சாட்சி இருக்குத்தானே?”

“சாட்சி சொன்னால் அவருக்கு இருக்கிறதும் போயிடும். எடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்கள். கிழமைக்கு மூண்டு தரம் மிசினில ரத்தம் சுத்திகரிக்கிற மனிசன்.”

“அம்மான்ரை காலை யோசிக்கேல்லையோ?”

 நான் அவளை முந்திக்கொண்டு வாசல் வரை நடந்தேன்.

மகள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அண்ணையும் மனைவியும் வந்து நின்றார்கள். அண்ணை மெலிந்து போயிருந்தார். மீசையும் வெள்ளை. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே அந்த நற்சான்றுக் கடிதம், பழைய சம்பளச் சீட்டுகள். எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

“நாளைக்கே போவம். நான் சொல்லுறன், இது இவன் செய்த வேலையெண்டு. எனக்கு அவங்களிட்டைப் பயமில்லை.”

அவருடைய மனைவி உள்ளே வந்து இருக்கவில்லை. கோட்டைக் கழற்றாமல் கதவோடு நின்றாள்.

“ஓம், போங்கோ. போய் எல்லாத்தையும் குடுத்திட்டு வாங்கோ. என்னை எந்தச் சீட்டைக் காட்டி இஞ்ச எடுத்தனீங்கள் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ. பெட்டியைக் கட்டி வைக்கிறன்.”

என் மனைவி வழக்கமாகக் கதைக்கிறவள் இல்லை. அன்று கதைத்தாள்.

“அக்கா, நான் விடிய நாலுக்கு எழும்புறன். ஒரு கால் மடங்காது. உங்கடை வீட்டுக்கு வாறது என்ரை மனிசன்ரை உழைப்பு.”

“அப்ப அந்தக் காலத்தில சம்பளம் வாங்கேல்லையோ? என்ரை மனிசன் ஒளிச்சு வைச்சவரோ?”

“சம்பளம் வேறை, வருசம் வேறை.”

“அகதித் தாளோட பஸ் தரிப்பில நிண்டவைக்கு வேலை எடுத்துக் குடுத்தது பிழை. அதுதான் பிழை.”

“வேலை எடுத்துக் குடுத்தனீங்களோ? உங்களைக் கூப்பிட மாடு மாதிரி நிண்டு உழைச்சவர்.”

முப்பது வருடம் ஒருவர் வீட்டுக் கறியை மற்றவர் வீட்டில் சாப்பிட்ட பெண்கள். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நின்றது அந்த அக்கா. இப்போது இரண்டு பேரும் நாய் மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். யாருக்காக? மண்டபத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டினார்களே, அவர்களுக்காகவா? முதலில் ஒருவனுக்கு அனுமதி, ஒருவனுக்குத் தடை என்று பிரித்தார்கள். பிறகு அனுமதி பெற்றவனுக்கு மரியாதை, தடை பெற்றவனுக்கு வெற்றிடம் என்று பிரித்தார்கள். மிச்சத்தை நாங்களே எங்கள் வீட்டுக்குள் பிரித்து முடிக்க வேண்டும்.

நான் மேசையில் அடித்தேன். அண்ணையின் தேத்தண்ணி சிந்தியது.

“எல்லாரும் வாயைப் பொத்துங்கோ.”

பொத்தினார்கள். நான் எங்கள் வீட்டில் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

“அண்ணை, கடிதத்தை உள்ள வையுங்கோ.”

“வைக்கமாட்டன். அப்ப நான் சாகுமட்டும் உன்ரை காசில சாப்பிடுறதோ?”

“என்ரை காசில்லை. நீங்கள் என்னட்டை ஒண்டும் எடுக்கேல்லை. எடுத்தவனிட்டை நான் கேக்கிறன்.”

“ஆரிட்டை?”

 கடிதங்களை நானே கோப்புக்குள் வைத்து மூடி அவருடைய கையில் கொடுத்தேன்.   அக்கா கதவைத் திறந்து பிடித்தாள். போகும்போது என் மனைவியைப் பார்க்கவில்லை. இன்று வரைக்கும் இரண்டு பேரும் கதைப்பதில்லை. அண்ணை மட்டும் சில நாட்களில் ஃபோன் எடுப்பார். நானும் எடுப்பேன். காலநிலையைப் பற்றிக் கதைப்போம்.

அன்று பின்னேரம் அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கினேன். முகாமில் தந்த அந்த முதல் தாள் அதற்குள் இருந்தது. இருபத்தெட்டு வயது முகம். கீழே முத்திரை. மை இன்னும் கறுப்பாகவே இருந்தது. மகளிடம் கொடுத்தேன்.

“சான்று கேட்டவங்கள். இது அவங்கள் அடிச்ச சான்று.”

“இது வேலை செய்ததுக்குச் சான்றில்லை, அப்பா. செய்ய விடாததுக்கு.”

“அதைத்தான் எழுது.”

அவள் ஒரு பக்கம் எழுதினாள். சமத்துவம், பாகுபாடு, அரசியல் சட்டம் என்று நிறைய வந்தது. வாசித்து விளங்கப்படுத்தினாள். எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஐந்து வருடம் என்னை வேலை செய்ய விடாமல் தடுத்தீர்கள். எனக்குக் கையும் காலும் சுகமாக இருந்தன. அந்த வருடங்களையும் எண்ணுங்கள். இவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது. என் கையெழுத்தை என் பெயரில் போட்டேன். பென்சன் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. சட்டத்தில் இடமில்லை. தடை இருந்த காலம் கணக்கில் வராது. ஒன்பது வரி. கீழே, விரும்பினால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று இருந்தது.

இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு இடத்துக்குப் போனோம். அங்கிருந்த வக்கீல் அம்மா தாளையும் முத்திரையையும் கனநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் தோற்பீர்கள். சட்டத்தை மாற்றினால்தான் முடியும். அதைப் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.”

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுத்த நாள் வேலைக்குப் போட வேண்டிய உடுப்பை மடித்துக்கொண்டு இருந்தாள்.

“வழக்குப் போட்டால் என்ரை முழங்கால் மாறுமோ?”

“மாறாது.”

“சனி, ஞாயிறு வேலையை விடுவியளோ?”

“ஏலாது.”

“அப்ப என்னத்துக்கு?”

வேலையை விடுகிற அந்தக் கடிதத்தை அவள் கிழித்துப் போடவில்லை. உடுப்புக்குக் கீழே திரும்பவும் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.  

மகள் மேசையில் கம்பியூட்டரைத் திறந்தாள்.

“அப்பா, இந்தக் கோட்டில வழக்குப் போடக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த வக்கீல் அம்மா தோத்திடுவம் எண்டு சொல்லுறா. போடுறதோ?”

“போடு.”

“ஏன் எண்டாவது சொல்லுங்கோ.”

“ஒரு நீதவான் தன்ரை வாயால சொல்லட்டும், அந்த அஞ்சு வருசமும் வெறுமை எண்டு. சொல்லிப்போட்டு, கீழ தன்ரை பேரையும் எழுதித் தரட்டும்.”

அவள் தட்டத் தொடங்கினாள்.